அந்தக் குதிரை இப்போது எங்கே

பிரமிளா கைபேசியை நீட்டியபோது தினேஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பந்தயம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. மகளோடு உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கும் ஒரே நாள்.

"மா, இதப் பாருங்க. எங்க கிளாஸ்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நானும் போட்டுட்டேன்."

"எதுக்குடி கையெழுத்து?" என்று கேட்டபடியே எட்டிப் பார்த்தவள், கீரைக் காம்பைக் கிள்ளாமல் அப்படியே இருந்துவிட்டாள்.

ஒரு குதிரையின் இடது முன்னங்கால். முழங்காலுக்குக் கீழே வாழைத்தண்டு மாதிரி வீங்கியிருந்தது. செம்புக் காப்பு போட்ட ஓர் ஆணின் கை அந்தக் காலைத் தூக்கிப் பிடித்திருந்தது. பின்சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையில் அன்றைய தேதியும், அதற்கு நேராக 'முழு வேக ஓட்டம்' என்ற குறிப்பும் தெளிவாகத் தெரிந்தன. படத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில் மலாயில் எழுதியிருந்தது: பேராக்கில் குதிரைப் பந்தயத்தை நிறுத்துங்கள். பதினோராயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் ஏறியது.

அந்தப் படத்தை எடுத்தவள் தினேஸ்வரிதான்.

"பாவம்ல மா? உங்க எடத்துலயும் இப்படித்தான் நடக்குதா?"

"ஒரு படத்த வச்சு என்னாத்தச் சொல்றது? போ, தட்டு எடுத்து வை" என்றாள். அன்று சமைத்த கீரையில் உப்பு போட்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

தினேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது. கணவன் இறந்த மறுவருடம், லியூ என்பவரின் குதிரை லாயத்துக்குக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். லியூ, பந்தயத்துக்குக் குதிரைகளைப் பழக்கும் டிரெய்னர். அவள் கைபட்டால் முரட்டுக் குதிரைகூட அடங்கி நிற்பதைப் பார்த்து, மூன்றே மாதத்தில் குதிரை பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார். பதினோரு வருடம் ஓடிவிட்டது. இப்போது அவள் பொறுப்பில் மூன்று குதிரைகள். அதில் ஒன்றுதான் படத்தில் இருந்தது. காகிதத்தில் அதன் பெயர் மெங்லெம்பு ஸ்டார். உடம்பு முழுக்கச் செம்பழுப்பாக இருந்து வாய் மட்டும் கரிப்பிடித்தது மாதிரி இருந்ததால் அவளுக்கு அது கருவாயன்.

கருவாயனின் கால் நரம்பு வீங்க ஆரம்பித்து ஒரு மாதமாகியிருந்தது. ஓய்வு கொடுக்கச் சொல்லி இரண்டு தடவை லியூவிடம் கேட்டுப் பார்த்தாள். "நந்தி-லா" என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட்டார். அப்புறம் என்றால் எப்போது என்று சொல்லவில்லை. வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு ஓட்டினார்கள். ஊசி மருந்து இறங்கும் நேரத்தில் கருவாயன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. லாயத்து வாசலில் பூனைகளுக்குச் சோறு வைக்க வரும் சாரதாதேவி டீச்சரின் நம்பர் அவளிடம் இருந்தது. யாழ்ப்பாண வம்சாவளிக்காரர், பிரமிளாவின் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர்; விலங்குகளுக்காக ஒரு சங்கம் நடத்துகிறார். யாராவது ஒரு டாக்டரை அனுப்பி அந்தக் காலைப் பார்க்க வைப்பார் என்று நம்பித்தான் அவருக்குப் படத்தை அனுப்பினாள்.

டாக்டர் வரவில்லை. படம்தான் ஊர் முழுக்கப் போனது.

திங்கட்கிழமை விடியுமுன் அவள் மோட்டார் சைக்கிளில் லாயத்துக்குப் போனாள். லியூ எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. கைபேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, செம்புக் காப்பு இருந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு பத்துமலையைப் பார்த்தார்.

பத்துமலைக்கு ஐம்பத்தேழு வயது. அந்த லாயத்திலேயே மூத்தவர். படம் எடுத்தபோது குதிரையைப் பிடித்திருந்தவர் அவர். ஆகையால் எடுத்தது யார் என்பது அவருக்குத் தெரியும்.

"யார் எடுத்தா?" என்று லியூ மலாயில் கேட்டார்.

பத்துமலை தினேஸ்வரி பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாது பாஸ். எத்தனையோ பேரு வாராங்க போறாங்க" என்றார்.

"அப்படின்னா தெரியிற வரைக்கும் வீட்டிலேயே இரு."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான்தான் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். பிரமிளாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பயத்தோடு விடிந்தது. சிங்கப்பூரில் பந்தயத்தை மூடியாயிற்று, பினாங்கிலும் முடிந்தது, அடுத்தது நம்ம ஈப்போதான் என்று வேலைக்காரர்கள் குதிரையைக் குளிப்பாட்டும் இடத்தில் கூடிப் பேசினார்கள். மாநில சட்டமன்றக் குழு ஒன்று இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறது என்று செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. யாரைப் பார்த்தாலும், "அந்தப் படத்த எடுத்தவன் கையில கெடச்சா..." என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். அவளும் தலையாட்டினாள்.

புதன்கிழமை காலை அவள் புல்லுக்கட்டோடு போனபோது கருவாயனின் பதினாலாம் நம்பர் அறை காலியாக இருந்தது. கழுவித் துடைத்து, மரத்தூள்கூட அள்ளியிருந்தார்கள். கதவில் பெயர்ப்பலகையைக் கழற்றிய இடத்தில் நாலு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"கருவாயன் எங்க?" என்று பக்கத்து அறைக் குதிரையைப் பார்ப்பவனிடம் கேட்டாள்.

"ரெஸ்டுக்கு அனுப்பிட்டாங்களாம்க்கா."

"எங்க?"

அவன் தோளைக் குலுக்கினான். ஆபீசிலும் அதே பதில். ஓய்வு. எங்கே என்றால், உனக்கு எதற்கு. நொண்டுகிற குதிரை, ஊரே பார்த்துவிட்ட கால், விசாரணைக்கு ஐந்து நாள். அதை எதற்காக எங்கே அனுப்பியிருப்பார்கள் என்று திரும்பத் திரும்ப யோசித்தாள். தான் அனுப்பிய படம்தான் அதைக் கொன்றுவிட்டதோ என்ற எண்ணம் வந்து உட்கார்ந்தது. போக மறுத்தது.

அன்று மத்தியானமே லியூ அவளைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், பதினோரு வருடத்தில் அதுவே முதல் தடவை. திங்கட்கிழமை குழுவின் முன்னால் வேலைக்காரர்கள் சார்பில் அவள் பேச வேண்டும் என்றார்.

"நான் எதுக்கு பாஸ்? பேசத் தெரியாது."

"உன் மலாய் நல்லாத்தான் இருக்கு. பொம்பள. தனியாப் பிள்ளைய வளக்கிற. நீ சொன்னா கேப்பாங்க." ஒரு தாளை நீட்டினார். அவள் பேச வேண்டியது அதில் எழுதியிருந்தது. "இத வாசிச்சாப் போதும்."

வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் பத்து காஜா பக்கம் வண்டியைத் திருப்பினாள். பழைய ரப்பர் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாக மாறி, எல்லாரும் வெளியேறிவிட்ட தொழிலாளர் குடியிருப்பு லயத்தில் மிஞ்சியிருந்த நாலு வீடுகளில் ஒன்றில் பத்துமலை தனியாக இருந்தார். வாசலில் வாளி கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பழைய மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வா தினேசு. தேத்தண்ணி போடவா?"

"அண்ணே, ஏன் சொல்லல நீங்க?"

"என்னத்தச் சொல்றது?"

"படம் நான் எடுத்தேன்னு."

அவர் திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். "நீதான் எடுத்த. கால யாரு தூக்கிக் காட்டுனா? பலகையும் படத்துல சேந்து விழட்டும்னு நான்தானே குதிரைய ஒரு எட்டு தள்ளி நிறுத்துனேன். உனக்கு ஞாபகம் இல்லயா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. கொசு கடித்ததால் குதிரை நகர்ந்தது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"உனக்குப் புள்ள இருக்கு. எனக்கு யாரு? இன்னும் மூணு வருசம் ஓட்டியிருப்பேன், அவ்ளோதான். அழுவாத. அழுதா அந்தக் காலு வத்திருமா?"

"கருவாயனத் தூக்கிட்டுப் போயிட்டாங்கண்ணே."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. மின்விசிறியைத் தரையில் வைத்தார். "எப்போ?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து கைபேசியைத் தேடினார். "லோரி ஓட்டுற பசங்ககிட்ட விசாரிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை அவள் சாரதாதேவி டீச்சர் வீட்டுக்குப் போனாள். மேசை நிறையத் தாள்கள். வெள்ளைச் சட்டைகளில் முழக்கம் அச்சடித்து அடுக்கி வைத்திருந்தார்கள். டீச்சர் பழச்சாறு கொண்டுவந்து வைத்தார்.

"நான் ஒருத்தருக்கும் உன்ர பேரைச் சொல்லேல்லை. பயப்பிடாத பிள்ளை."

"டீச்சர், நான் அந்தக் காலப் பாக்கத்தான் ஆள் கேட்டேன். பந்தயத்தையே மூடச் சொல்லிக் கேக்கல."

"ஒரு காலைச் சுகப்படுத்தினாப் போல எல்லாம் முடிஞ்சிடுமே? நாளைக்கு இன்னொரு குதிரை. அடியோட நிப்பாட்டினாத்தான் இந்தக் கொடுமை நிக்கும்." அவர் குரலில் பொய் இல்லை. அந்தக் காலை நினைத்து அவர் தூங்காமல் இருந்திருக்கிறார் என்பது கண்ணுக்குக் கீழே தெரிந்தது.

"சரி, நிப்பாட்டுறாங்கன்னு வச்சுக்குவோம். அங்க நூத்துக்கு மேல குதிர இருக்கு. அதெல்லாம் எங்க போவும்?"

"அதுக்கு ஏதும் ஒழுங்கு செய்வினம். வெளிநாட்டில காப்பகங்கள் இருக்கு."

"யாரு செய்வா டீச்சர்? எழுதி வச்சிருக்கீங்களா?"

டீச்சர் மேசையில் இருந்த தாள்களைப் பார்த்தார். ஒன்றையும் எடுக்கவில்லை. பிறகு, "நீ எங்கட பக்கம் வந்து பேசு பிள்ளை. உன்னை மாதிரி உள்ளுக்கிருந்து ஒருத்தி சொன்னா முடிஞ்சுது" என்றார்.

பழச்சாறு அப்படியே இருந்தது. இரண்டு பக்கமும் அவள் வாய்தான் வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தினேஸ்வரி படியிறங்கினாள். கருவாயன் காணாமல் போனதைச் சொல்லத்தான் வந்தாள். சொல்ல இடம் கிடைக்கவில்லை. டீச்சர் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை லாயத்து ஆட்கள் முப்பது பேரை நீலச் சட்டை போட்டுப் பேருந்தில் கூட்டிப் போனார்கள். மண்டபத்தில் குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் வெள்ளை. நடுவில் நீண்ட மேசையில் ஐந்து பேர். தலைவராக இருந்தவர் கண்ணாடி போட்ட மலாய்க்காரப் பெண்மணி. யார் பேசினாலும் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

சாரதாதேவி முதலில் பேசினார். கால் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாகக் காட்டினார்கள். மண்டபத்தில் 'ஐயோ' என்ற சத்தம் எழுந்தது. அந்த அளவில் பார்த்தபோது குதிரையின் வயிற்றோரம் தன் நிழல் விழுந்திருப்பது தினேஸ்வரிக்குத் தெரிந்தது. எல்லாரும் அதையே பார்ப்பது போலிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாளை வாசித்தாள். நான் தனியாகப் பிள்ளையை வளர்க்கிறேன். இந்த வேலை இல்லாவிட்டால் எனக்கு வேறு தெரியாது. குதிரைகளை நாங்கள் பிள்ளைகள் மாதிரிப் பார்க்கிறோம். பந்தயம் நின்றால் இத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வரும். ஒரு வரி விடாமல் வாசித்தாள். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை என்பதுதான் அவளுக்கு உறுத்தியது. நீலச் சட்டைகள் கைதட்டின. அவள் உட்காரப் போனாள்.

"ஒரு நிமிடம்" என்றார் தலைவர். "படத்தில் இருக்கும் குதிரையை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யார் பராமரிப்பில் இருக்கிறது?"

"என்கிட்டதான்."

"அது இப்போது எங்கே?"

தாளில் அதற்கு வரி இல்லை. அவள் லியூவைப் பார்த்தாள். லியூ மெல்லச் சிரித்தபடி, தலையைச் சாய்த்துக் கன்னத்தில் கைவைத்துக் காட்டினார். ஓய்வில் இருக்கிறது என்று சொல். ஒரு சொல். சொன்னால் பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போகலாம்.

"தெரியாது" என்றாள்.

"தெரியாதா?"

"புதன்கிழமை காலையில நான் போனப்ப அறை காலி. பேர்ப்பலகையையும் கழட்டிட்டாங்க. எங்கன்னு கேட்டேன். சொல்லல." தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. மலாயில் இலக்கணம் எங்கெங்கோ போயிற்று. "அந்தப் படம் நான் எடுத்தது. பத்துமலை அண்ணன வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க, அவரு எடுக்கல. ரெஸ்ட் குடுக்கச் சொல்லிக் கேட்டேன், ஊசி போட்டாங்க."

வெள்ளைச் சட்டையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"தட்டாதீங்க. நீங்களும் கேக்கல. பதினோராயிரம் பேரு அந்தக் காலப் பாத்து அழுதீங்க. குதிர எங்க இருக்குன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. இந்தம்மாதான் இப்பக் கேக்குறாங்க."

கைதட்டல் நின்றது. சாரதாதேவி தலை குனிந்திருந்தார். தலைவர் பேனாவைத் திறந்து எதையோ எழுதினார். குதிரையின் பதிவுகளை மூன்று நாளில் ஒப்படைக்க வேண்டும், அரசாங்கக் கால்நடை டாக்டர் பார்க்கும்வரை அதை எங்கும் நகர்த்தக்கூடாது என்றார். மற்றதெல்லாம், பந்தயம் நிற்குமா நடக்குமா என்பதெல்லாம், பிறகு வரப்போகும் அறிக்கைக்குத் தள்ளிப்போடப்பட்டது.

பேருந்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. லாயத்தில் இறங்கும்போது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஆபீஸ்காரர் வந்து சொன்னார். வீட்டில் பிரமிளா ஏற்கெனவே எல்லாவற்றையும் கைபேசியில் பார்த்திருந்தாள். ஒன்றும் கேட்காமல் சோறு போட்டு வைத்தாள். அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். "என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லமா" என்றபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

மறுநாள் காலை பத்துமலை அழைத்தார். "தெலுக் இந்தான் பக்கமாம். செம்பனைக்குள்ள மாடு வச்சிருக்கிற ஆளு. லோரிக்காரன் சொல்லிட்டான்."

"மாட்டுக்காரனா? அண்ணே, உசுரோட இருக்கா?"

"எறக்கி விட்டப்ப இருந்துச்சாம். அவ்ளோதான் அவனுக்குத் தெரியும்."

அடுத்து யாரை அழைக்கப் போகிறோம் என்று நினைத்தபோது அவளுக்கே வியப்பாக இருந்தது. சாரதாதேவி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். கேட்டு முடித்ததும், "கால் மணித்தியாலத்தில வாறன்" என்றார்.

மூவரும் டீச்சரின் சின்னக் காரில் போனார்கள். எதிரே மூடிய லோரி எது வந்தாலும் தினேஸ்வரியின் கண் அதைத் தொடர்ந்து பின்கண்ணாடி வரைக்கும் போனது. சுங்காய் தாண்டியதும் டீச்சர், சாலையைப் பார்த்தபடியே, "நீ சொன்னது சரி. நான் கேட்டிருக்க வேணும்" என்றார். தினேஸ்வரிக்குக் கோபம் இன்னும் இருந்தது.

செம்பனைக்குள் மண்சாலை முடியும் இடத்தில் தகரக் கொட்டகை. இருபது மாடுகள். மாட்டுக்காரர் முதலில் குதிரையே இல்லை என்றார். டீச்சர் நேற்றைய விசாரணைச் செய்தியைக் கைபேசியில் காட்டி, தன் பழைய வகுப்பறைக் குரலில் மலாயில் இரண்டு வார்த்தை பேசியதும் இறங்கி வந்தார். வைத்திருக்கத்தான் சொன்னார்கள், வெள்ளிக்கிழமை வேறு லோரி வரும் என்றார்கள், அதற்குமேல் சத்தியமாகத் தெரியாது என்றார்.

கடைசித் தடுப்பில் சேற்றில் நின்றது குதிரை. உடம்பெல்லாம் சாணி அப்பி, நிறமே தெரியவில்லை. இது வேறு குதிரையாக இருக்குமோ என்று தினேஸ்வரி ஒரு கணம் சந்தேகப்பட்டாள். நாக்கைச் சுழற்றி, தினமும் புல் போடும்போது எழுப்பும் அந்தச் சத்தத்தை எழுப்பினாள். காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. மூன்று காலில் ஊன்றி, நாலாவதைத் தூக்கி வைத்து, ஒவ்வோர் அடியாக அவளிடம் வந்தது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஏதேதோ பேசினாள். என்ன பேசினாள் என்று பத்துமலை பிறகு எத்தனை தடவை கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

டீச்சர் குழுவுக்குத் தகவல் சொன்னதும், அரசாங்கக் கால்நடை டாக்டர் மத்தியானத்துக்குமேல் வந்தார். இனி ஓடாது, ஆனால் பார்த்துக்கொண்டால் பிழைக்கும் என்றார். லாயத்துக்காரர்கள் இனி அதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். டீச்சர் காருக்குப் பக்கத்தில் நின்று, குதிரைக்கு இடம் கேட்டு ஒவ்வொரு நம்பராக அழைத்தார். குதிரையேற்றப் பள்ளியில் இடமில்லை. இன்னொரு சங்கத்தில் நாய்க்கும் பூனைக்கும்தான் வசதி. கையெழுத்து வேட்டையில் முன்னால் நின்ற ஒருவர், பிறகு அழைப்பதாகச் சொல்லிவிட்டு அழைக்கவில்லை. கடைசியில் பத்துமலைதான் மாட்டுக்காரரிடம் போய் ஒரு சிகரெட் பற்றவைத்துக் கொடுத்துப் பேசினார்.

"ஒரு மாசம் இங்கயே நிக்கட்டும்கிறான். தீவனம் நம்மளது. அதுக்கு மேல தக் போலேயாம், முடியாதாம்."

"ஒரு மாசத்துக்கப்பறம்?"

"அப்பப் பாக்கலாம். நாளைக்கு நான் வாரேன், மறுநாளு நீ வா."

தினேஸ்வரி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காலைக் கழுவ உட்கார்ந்தாள். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் தடுப்பு வரைக்கும் வந்தார், அங்கேயே நின்றுவிட்டார்.

"வாங்க டீச்சர், பயப்படாதீங்க. முன்னாடியே வரணும், பின்னாடி போவக் கூடாது."

"நான் குதிரையைத் தொட்டதே இல்லை பிள்ளை. கடிக்குமோ?"

"கடிக்கும். விரல உள்ள மடக்கிப் புறங்கைய நீட்டுங்க."

டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். கருவாயன் முகர்ந்து பார்த்தது. அந்தக் கையைக் கடந்து, மறுகையில் இருந்த தண்ணீர் வாளிக்குள் வாயை விட்டு உறிஞ்சத் தொடங்கியது. வாளியின் கனத்தில் டீச்சரின் கை நடுங்கியது. குடித்து முடிக்கும்வரை அவர் அதைக் கீழே வைக்கவில்லை.